செங்கல் ஆடவில்லை

நைனா,

பொடி டப்பா, அந்தக் கறுப்பு டப்பா, என் முன்னால் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் மூக்கு எரிகிறது. நீ மூக்குப்பொடி போட்டுத் தீர்த்த டப்பாவில்தான் கழிசல் துப்பாக்கி ரவைகளைப் போட்டு வைத்தோம். அந்த நெடி ஈயத்திலும் ஏறிவிட்டது. ஒரு தும்மல் தும்மிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வரும் என்று ஊரில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வரவில்லை. கோபம்தான் வருகிறது.

துப்பாக்கி நேற்றுப் போய்விட்டது. திருபுவனை ராட்டினக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அது போன விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். போகும்போது ஒன்று வெளியே வந்தது, மற்றவர்களுக்கு அது புதுச் செய்தி. உனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் போனாய்.

பட்டணத்தில் நீ தோட்ட வேலை பார்த்த வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது உனக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. மருந்து வேண்டாம், நெருப்பு வேண்டாம். நடுவில் மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். விசையை இழுத்தால் காற்று ரவையைத் தள்ளும். அதை வைத்துக்கொண்டு நீ திருவிழாக்களில் சுடுகடை போட்டாய். பாகூரில், வில்லியனூர்த் தேரில், மாதா கோயில் கொடியேற்றத்தில், வெள்ளைக்காரர்களின் ஜூலை பதினாலு விழாவில். ஒரு கீற்றுப் பந்தல், பின்னால் கோணிப்பை, அதன் முன்னால் கயிற்றில் தொங்கும் மண் மூடிகள். மூன்றை உடைப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி.

ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு நீ உருண்டை ரவை கொடுத்தாய். பிள்ளைச்சாவடி மீனவர்களிடம் பழைய வலை ஈயம் வாங்கி நீயே அச்சில் வார்த்தது. உருண்டை குழாயோடு ஒட்டாது, சுற்றிலும் காற்று ஒழுகும், போன இடம் தெரியாது. உனக்கு மட்டும் பட்டணத்துக் கடையில் வாங்கிய உடுக்கை ரவை. இடுப்பு ஒடுங்கி, தலை ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கமாக உண்மையிலேயே குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். "காத்து இந்தப் பாவாடையில பூந்து அத விரிக்குது, அது கொழாயக் கவ்விக்கினு சுத்திக்கினே போவுது, அதான் நேராப் போவுது" என்று எனக்குக் காட்டினாய். பிறகு ஒரு திருவிழாவில் ஒருவர் உன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டார். நீ போடுவது வேறு, எங்களுக்குக் கொடுப்பது வேறா என்று பந்தலைப் பிய்க்க வந்தார்கள். மறுநாள் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றாய்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். என் எழுத்து கோடு போட்டு எழுதியது போல இருக்கும் என்று டீச்சரம்மா மற்ற பிள்ளைகளிடம் என் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் அவர் காட்ட வேண்டும் என்று இருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நீ என்னை எடுத்தது எதற்கு? ரவை பொறுக்க. இனி எல்லோருக்கும் உடுக்கை ரவைதான், உனக்கும் அதே, யார் வேண்டுமானாலும் கையை விரித்துப் பார்க்கட்டும் என்றாய். "வித்தியாசம் ஒங்கண்ணுக்கு மட்டுந்தான் தெரியணும், பாப்பா."

தெரிந்தது. சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடியைச் சற்றே சாய்த்து வைத்து, ரவைகளை ஒவ்வொன்றாக உருட்டுவேன். தலை சிறியது, பாவாடை பெரியது, அதனால் நேராக ஓடாமல் வளைந்து ஓடும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் ஓடி ஒரே மூலையில் போய் நிற்கும். பாவாடை நசுங்கியது நொண்டிக்கொண்டு வேறு பக்கம் போகும். கப்பலில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும் மெத்தென்ற ஈயம், நகம் பட்டாலே பள்ளம் விழும். ஒரே பெட்டியில் வந்ததிலும் பாதிக்கு மேல் நொண்டி. பாவாடை ஒரு பக்கம் மடிந்திருந்தால் குழாய் முனையை விட்டு வெளியே வரும்போது காற்று அந்தப் பக்கம் முந்தி ஒழுகும், ரவை தலையைத் திருப்பிக்கொள்ளும். தலையில் சொட்டை இருந்தால் பறக்கும்போது தள்ளாடும். ஓட்டத்தில் தேறியதைக் குழாய் வாயில் வைத்துப் பார்ப்பேன். தொளதொளவென்று உள்ளே விழுந்தால் கழிசல். கட்டைவிரலால் அழுத்தி இறுக்கமாக உட்கார்ந்தால் நல்லது. நல்லது பெப்பர்மிண்ட் டப்பாவுக்கு, கழிசல் பொடி டப்பாவுக்கு. பொடி டப்பா ஊருக்கு. பெப்பர்மிண்ட் டப்பா உனக்கு.

அது ஏமாற்று வேலை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் இன்று கோபப்படுவது அதற்கு இல்லை.

பெப்பர்மிண்ட் டப்பா எதற்கு? விளக்குக்கு. சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் நான் கோணிப்பை முன்னால் போய் நிற்பேன். வலது கையை நீட்டி, உள்ளங்கையில் அகல் விளக்கு. நீ அங்கிருந்து சுட்டுச் சுடரை அணைப்பாய். அகல் அசையாது, எண்ணெய் சிந்தாது, சுடர் மட்டும் போய்விடும். கூட்டம் ஆவென்று கத்தும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அத்தனை கண்களும் என்மேல் இருப்பது எனக்கு ரவையைவிடப் பயம். நீ சுடுவதில் எனக்குப் பயமே இல்லை. ஏன் தெரியுமா? அந்த ரவையைப் பொறுக்கியது நான்.

அம்மாவை நிறுத்தலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஒங்கம்மாவுக்குக் கை அப்டி நிக்காது. இந்த வூட்ல ஆடாத கை ஒங்கைதான்" என்றாய். நீ சொன்னது. உன் வாயால் சொன்னது. வேறொன்றும் சொல்வாய், வீட்டில் மட்டும், சிரித்துக்கொண்டே: "குறி எங்கிட்ட இல்ல, பாப்பா. ரவையில இருக்குது. ரவை நேரா இருந்தா நான் இன்னா, குருடன்கூட அணைப்பான்."

வில்லியனூர்த் தேரன்று என்ன நடந்தது என்பதை நான் மற்றவர்கள் சொல்லும் விதத்தில்தான் இத்தனை நாள் கேட்டேன். இப்போது நடந்த விதத்தில் கேள்.

பெரிய வீட்டுப் பிள்ளை வந்தார். சைகோனில் உத்தியோகம், லீவில் வந்திருந்தார். நாம் பந்தல் போட்டிருந்த மனைக்கட்டு அவர்கள் வீட்டுடையது. புதுப் பூட்ஸும் தொப்பியுமாக, கூடவே நாலைந்து கூட்டாளிகள். நீ வழக்கம்போலப் பொடி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். முதலாவது கோணிப்பையில். இரண்டாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. கூட்டாளிகளில் ஒருவன், "இன்னாடா, சைகோன்ல கொசு சுட்டுக்கினு இருந்தியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உன்னிடம் திருப்பிக் கொடுக்காமல் உன்னையே பார்த்தார். அடுத்த வருஷம் இந்த இடம் கிடைக்குமா என்ற கணக்கு உன் முகத்தில் ஓடியதை நான் மூங்கில் ஓரத்தில் நின்று பார்த்தேன். நீ குனிந்தாய். பெப்பர்மிண்ட் டப்பாவைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாய்.

அவ்வளவுதான். மூடிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடைத்தவர் நிறுத்தவில்லை. கூட்டாளிகளுக்கும் கொடுத்தார். நீ புதுமூடிகளை மாட்டிக்கொண்டே, "தொரே கைன்னா கை" என்று இளித்துக்கொண்டிருந்தாய். டப்பா காலியானபோதுதான் அவர்கள் போனார்கள்.

பொழுது சாய்ந்தது. கூட்டம் விளக்குக்காக நெருக்கிக்கொண்டு நின்றது. தேர் பார்த்துவிட்டுத் திரும்பிய சனம் முழுக்க அங்கே இருந்தது. நீ அகலை ஏற்றி என் கையில் கொடுத்தாய். நான் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், உன் கையில் கறுப்பு டப்பா.

நான் பேசினேன், நைனா. அத்தனை பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன். "நைனா, அது பொடி டப்பா" என்றேன். நீ பக்கத்தில் வந்தாய், விளக்கைச் சரி செய்வது போல. "கம்முனு நில்லு. ஒரே ஒரு ரவை. ஒண்ணும் ஆவாது" என்றாய். உன் வாயில் பொடி நெடி. மூன்று வருஷம் என்னை உட்கார வைத்து, எது நேராகப் போகும், எது போகாது என்று பொறுக்க வைத்த நீ, ஒண்ணும் ஆவாது என்றாய். ஊர்க்காரரின் மண் மூடியைத் தப்பவிடும் ரவை என் கைக்கு மட்டும் நேராக வருமா?

நான் ஆடவில்லை. ஆடியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். நீ சொன்னபடியே நின்றேன். அது வந்து கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்கு மேலே இறங்கியது. அகல் விழுந்து உடைந்தது.

நீ ஓடி வந்தாய். என்னைத் தோளில் போட்டுக்கொண்டாய். உன் துண்டைக் கிழித்துக் கட்டினாய். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாய், அழுதாய். இது எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றாய். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கொழந்த கை ஆடிச்சி. கை ஆடிப்போச்சி" என்றாய். நான் வலியில் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெட்கத்தில் புதைக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாய். ரவை எலும்போரம் நரம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, கிளறினால் விரல் போய்விடும், அப்படியே இருக்கட்டும் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னாய். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே. என் தலையைத் தடவிக்கொண்டே, "பாவம், சின்னப் பொண்ணு, எவ்ளோ நேரம் நிப்பா" என்றாய். உன் பொய்யைவிட அந்தப் பரிதாபம்தான் எனக்கு அதிகமாக வலித்தது. சுடத் தெரிந்தவன் என்ற பேர் உனக்கு நின்றது. நடுக்கக்காரி என்ற பேர் எனக்கு வந்தது.

அது என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். கை நடுக்கம் என்றார்கள். பிறகு நரம்புக் கோளாறு என்றார்கள். கடைசியில் வலிப்பு என்றே ஆகிவிட்டது. நான் பெரியவளான பிறகு மடுகரையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை ஒரு செம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்து, எல்லோருக்கும் எதிரில் கூடத்தைச் சுற்றி வரச் சொன்னாள். சுற்றி வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. "இன்னிக்கி நடுங்கல. நாளைக்கி கொழந்தய வெச்சிக்கினு நடுங்கினா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். பாயின் கோரையை உருவிக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர்கள் போன பிறகு அம்மா ஒருவரிடம் மந்திரித்துக் கறுப்புக் கயிறு வாங்கி வந்து என் மணிக்கட்டில் கட்டினாள், நடுக்கம் நிற்க. நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அவளுக்கு முடிச்சுத் தெரிவதற்காக.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்தான் கஞ்சி கொடுத்தேன், அந்தக் கையால்தான். ஒவ்வொரு தடவையும் நீ கிண்ணத்தைப் பார்க்காமல் என் மணிக்கட்டையே பார்த்தாய். இப்போது சொல்வாய், இப்போது சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். கஞ்சி சூடு என்றாய். உப்பு பத்தவில்லை என்றாய். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நேற்று ராட்டினக்காரர் வந்தார். ராட்டினத்தோடு ஒரு சுடுகடையும் சேர்த்துப் போட ஆசையாம். அம்மா பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கினாள். கூடவே டப்பாக்களும் வந்தன. பெப்பர்மிண்ட் டப்பா காலி. பொடி டப்பா நிறைய. கடையில் கட்டிய கட்டுப் பிரிக்காத ரவைப் பெட்டி ஒன்றும் இருந்தது. அவர் கைக்கு எட்டிய பொடி டப்பாவிலிருந்து ரவை எடுத்து மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரிப்புள்ளி வைத்துச் சுட்டார். ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம், ஒன்று புல்கட்டில். குழாயை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "கொழா கோணலா கீது தங்கச்சி. அதான் ஒன் வூட்டுக்காரரு பொண்ணு கையிலியே போட்டுட்டாரு" என்றார்.

அம்மாவுக்குத் துப்பாக்கி விற்க வேண்டும். உன் பேரையும் காப்பாற்ற வேண்டும். "துப்பாக்கி மேல ஒரு கொறையும் இல்லண்ணா. அவரு குறியும் தப்பாது. எம்பொண்ணு கைதான் ஆடிப்போச்சி" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். வெளி ஆள் வந்தால் எப்போதும் அங்கேதான் இருப்பேன். எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. படக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தேன். புதுப் பெட்டியைப் பிரித்து உருட்டினேன். ராட்டினக்காரர் சிரித்தார், இன்னா பாப்பா கோலி ஆடுதா என்றார். ஒரே மூலைக்கு ஓடியதையெல்லாம் குழாய் வாயில் வைத்துப் பார்த்து, பெப்பர்மிண்ட் டப்பாவில் போட்டேன். பிறகு கொட்டகைக்குள் சுவரோரம் செங்கல்லை நிறுத்தி, அதன் தலையில் அகலை ஏற்றி வைத்தேன். இந்தப் பக்கம் நெல் மூட்டையைக் கிடத்தி அதில் பள்ளம் செய்து துப்பாக்கியைப் படுக்க வைத்தேன். அவரைச் சுடச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

பெப்பர்மிண்ட் டப்பா. சுடர் போனது. ஏற்றினேன். மறுபடியும் போனது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூட்டைமேல் ஒழுங்காகக் கவிழ்ந்துகொண்டார். இன்னொரு தடவையும் போனது. பிறகு அதே மூட்டை, அதே குறி, பொடி டப்பா. முதலாவது சுவரில். இரண்டாவது கூரைக் கீற்றில். மூன்றாவது செங்கல்லில் அடித்துச் சில்லு தெறித்தது. போய்ப் பார்த்தோம். சுடர் இருந்த இடத்துக்கு நாலு விரல் கீழே, சற்று ஓரமாக ஒரு பள்ளம். அகலைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு கை இருந்திருந்தால், கட்டைவிரலின் அடி.

ராட்டினக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது, விளையாட்டாகத்தான் கேட்டார்: "இன்னா தங்கச்சி, செங்கல்லுக்குமா கை ஆடும்?"

அம்மா செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பைப் பார்த்தாள். எத்தனையோ தடவை எண்ணெய் தடவிய தழும்பு.

"அன்னிக்கி எந்த டப்பா?" என்றாள்.

"பொடி டப்பா."

"அவருக்குத் தெரியுமா?"

"நான் சொன்னேம்மா."

அவள் என் கையை மெல்ல விட்டாள். ராட்டினக்காரர்தான் பேசினார். துப்பாக்கி சரி, எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெப்பர்மிண்ட் டப்பா தனக்கு வேண்டும், பொடி டப்பா கட்டாயம் வேண்டும் என்றார். கண்ணைச் சிமிட்டி, "கடைக்கி அதான் மொதலு" என்றார். திருவிழா நாளில் பாப்பா வந்து பொறுக்கிக் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். உன் குரல் மாதிரியே இருந்தது. நான் பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். "இது விக்கறதுக்கு இல்ல. நானும் வரல" என்றேன். நம்ப மாட்டாய், நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.

அவர் போன பிறகு அம்மா அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். காய் எதுவும் இல்லை. என் கையை இழுத்து, கயிற்றை அலகில் வைத்து அறுத்தாள். அறுத்துக்கொண்டே, "அவருக்கு அன்னிக்கி இன்னா நெருக்கடியோ" என்றாள். அந்த வார்த்தைக்கு எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. உனக்காக எப்போதும் யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனாலும் கயிறு போய்விட்டது. அது இருந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது.

இன்று காலை அம்மா அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். இப்போது அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் குரல் இங்கே வரைக்கும் கேட்கிறது. உன் பேரைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மடுகரை வரைக்கும் அது போகுமா, போய் என்ன ஆகும், எனக்குத் தெரியாது. அந்த அத்தை வீட்டுக்கு நான் போகப்போவதும் இல்லை.

துப்பாக்கி போய்விட்டது. நீயும் போய்விட்டாய். நீ விட்டுப்போனதில் ஒன்று மட்டும் எனக்குள் இருக்கிறது. மழை பிடித்தால் அது கடுக்கிறது. கட்டைவிரலை மடக்கினால் தோலுக்கு அடியில் உருளுகிறது. நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் எனக்குத் தெரியும். பாவாடை ஒரு பக்கம் மடிந்தது. கண்ணாடியில் நொண்டி நொண்டி வேறு மூலைக்கு ஓடியது. வேண்டாம் என்று நான் என் விரலால் ஒதுக்கியது. குறி ரவையில் இருக்கிறது என்று சொன்னாயே, தப்பும் அங்கேதான் இருந்தது. அதை உள்ளே வைத்திருக்கும் கையால்தான் இதையெல்லாம் எழுதினேன்.

எழுத்தைப் பார்த்துக்கொள், நைனா. ஒரு வரிகூட ஆடவில்லை.